பொருத்தம் பார்ப்பது யார்?

இணையத்தில் சாதி இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ரயில் வந்தால் சாதி போகும் என்றார்கள். காபி கிளப் வந்தால் போகும் என்றார்கள். கம்பெனி வேலை வந்தால் போகும் என்றார்கள். இப்போது கம்ப்யூட்டரின் முறை. வீட்டில் உட்கார்ந்தபடியே அமெரிக்காக்காரனுக்கு வேலை செய்யலாம், அவனுக்கு உன் தெரு தெரியாது, உன் அப்பன் பேர் தெரியாது, உன் திறமை மட்டும்தான் தெரியும், ஆகவே கவலைப்படாதே பெண்ணே என்கிறார்கள். ஐந்து வருஷமாக அந்த வேலையைச் செய்கிறவள் என்ற முறையில் எனக்கும் இதில் பேச இருக்கிறது.

வேலைக்குப் பேர் விர்ச்சுவல் அசிஸ்டன்ட். சுருக்கமாக வி.ஏ. எங்கள் காவாந்தண்டலத்தில் இதைச் சொன்னால் "இன்னாடி, வி.ஏ.ஓ. ஆயிட்டியா?" என்று கேட்கிறார்கள். எங்கள் ஆயா ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறது. அதில் ஆயாவுக்கு ஒரு பெருமை. ஏனென்றால் ஊர்க் கணக்கு எழுதுவது பரம்பரையாக ஒருத்தர் வீட்டுச் சொத்தாகவும், வெட்டியான் வேலையும் தலையாரி வேலையும் எங்கள் வீட்டுச் சொத்தாகவும் இருந்ததைக் கண்ணால் பார்த்த கிழவி அது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. அதற்கப்புறமும் எங்கள் தெருவில் யார் கைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் வந்து சேரவில்லை. இப்போது பேத்தி யாரோ ஒருத்தனுடைய கணக்கை எழுதுகிறாள் என்றால் ஆயாவுக்கு அது வி.ஏ.ஓ. வேலைதான்.

நான் செய்வது இதுதான். எங்கேயோ இருக்கிற ஒரு முதலாளிக்கு வரும் மின்னஞ்சலைப் பிரித்துப் படித்து, வேண்டியதையும் வேண்டாததையும் தனித்தனியாக வைக்க வேண்டும். யாரை எப்போது பார்க்கிறார் என்று குறித்து வைக்க வேண்டும். பில் போட்டு அனுப்பி, பணம் வராவிட்டால் மரியாதையாக ஞாபகப்படுத்த வேண்டும். விமான டிக்கெட், ஓட்டல் அறை, மகளுடைய பிறந்தநாளுக்குப் பூச்செண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் துரைக்குத் துபாஷி, பட்லர், ரைட்டர் என்று மூன்று பேர் செய்ததை நான் ஒருத்தியே செய்கிறேன். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச மடிக்கணினியில்தான் தொடங்கினேன். முதலமைச்சர் படம் போட்ட அந்தப் பை இன்னும் வீட்டில் பரண்மேல் இருக்கிறது. மடிக்கணினி செத்துப்போச்சு.

இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கிறேன் என்று காஞ்சிபுரத்தில் ஒரு வகுப்பு. பன்னிரண்டாயிரம் ரூபாய். மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் கட்டினோம். முதல் நாளே அந்த ஆசிரியர் சொன்னது: "எவன் வேலை கொடுத்தாலும் வாங்கிடாதீங்க. உங்களுக்குப் பொருத்தமான கிளையன்ட் யாருன்னு ஒரு பக்கம் எழுதுங்க. அவரோட குணம், ரசனை, குடும்பம், மதிப்பீடு. உங்க மனசும் அவர் மனசும் ஒத்துப் போகணும். ஒத்துப் போகலைன்னா தயங்காம வேண்டாம்னு சொல்லிடுங்க."

எவ்வளவு அழகான பேச்சு! ஆனால் வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? அப்பாவுக்குச் சம்பளம் வருகிறவளால் முடியும். நாலு ஏக்கர் இருந்து, இந்த மாசம் வேலை இல்லாவிட்டாலும் நெல் வரும் என்கிறவளால் முடியும். மறுக்கும் உரிமை என்பது சொத்தின் இன்னொரு பேர். மாசம் பிறந்தால் குழுக் கடனுக்கு வாசலில் வந்து உட்காருகிறார்கள். கொசஸ்தலையானாலும் செய்யாறானாலும் மணல் எடுத்த ஆற்றின் கரையில், சொந்தமாக ஒரு சென்ட் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு ரசனை ஒத்துப் போகிற முதலாளியைத் தேடு என்று பாடம் எடுப்பவரை என்னவென்று சொல்வது?

பொருத்தம் என்ற வார்த்தையையே கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். நம்ம ஊரில் ஆயிரம் வருஷமாகப் பொருத்தம் பார்த்துச் செய்யப்படுகிற ஒரே காரியம் கல்யாணம். அதில் முதல் பொருத்தம் என்ன என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் அதற்குப் பின்னால் வருவது. உத்திரமேரூர் எங்கள் ஊருக்குப் பக்கம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919இலும் 921இலும் வெட்டியவை. குடவோலை முறை, உலகத்துக்கே சனநாயகம் சொல்லிக்கொடுத்த ஊர் என்று மேடைக்கு மேடை பீற்றிக்கொள்கிறார்கள். 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே அதைச் சொன்னார். கல்வெட்டைப் படித்தால் என்ன இருக்கிறது? ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போடுவதற்கு முன்னால் தகுதி பார்க்கிறார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம், அந்தச் சபை அவர்களுடைய சபை. குடத்தில் கையை விட்டு ஓலையை எடுப்பது ஒன்றும் அறியாத சின்னப் பையன். குலுக்கல் சுத்தமான குலுக்கல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குடத்துக்குள்ளே யார் பேர் போகலாம் என்பதைப் பையன் முடிவு செய்யவில்லை.

இன்றைக்கு வேலை பொருத்தித் தருகிற இணையத் தளங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பையனைத்தான் காட்டுகிறார்கள். இயந்திரம் எதுவும் அறியாதது, அதற்குச் சாதி தெரியாது என்கிறார்கள். சரி, தெரியாது. குடத்துக்குள் போகும்போது என்ன கேட்கிறார்கள்? ஏற்கெனவே எத்தனை வேலை முடித்தாய், எத்தனை பேர் உனக்கு நட்சத்திரம் போட்டார்கள், எவ்வளவு சம்பாதித்தாய். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காசு கொடுத்து டோக்கன் வாங்கு. படம் போடு, இங்கிலீஷில் பேசி வீடியோ போடு. வகுப்பில் எங்களுக்குச் சொன்னார்கள்: "பின்னணி நல்லா இருக்கணும்." எங்கள் வீட்டில் பூசாத செவுரு. பக்கத்து வீட்டு அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கின திரைச்சீலையை ஆணி அடித்து மாட்டிப் படம் எடுத்தோம்.

பின்னணி என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் 2007இல் ஓர் ஆய்வு எழுதினார்கள். தனியார் கம்பெனிகளில் ஆள் எடுக்கிற இருபத்தைந்து அதிகாரிகளைக் கேட்டார்கள். சாதியெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை, திறமை மட்டும்தான் என்றார்கள் அதிகாரிகள். அதே வாயால், நேர்காணலில் குடும்பப் பின்னணி கேட்போம் என்றும் சொன்னார்கள். அதே வருஷம் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவருடைய ஆய்வும் வந்தது. 548 வேலை விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று. பேர் மட்டும் வேறு. ஒன்று மேல்சாதிப் பேர், ஒன்று தலித் பேர், ஒன்று முஸ்லிம் பேர். தலித் பேருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம், மேல்சாதிப் பேருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பேருக்கு அதைவிடவும் கீழே.

நம்ம ஊரில் பேருக்குப் பின்னால் சாதி கிடையாதே என்பீர்கள். உண்மைதான். 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடுதான் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதனால் தமிழ்நாட்டுக்காரன் பேரை வைத்துக் கண்டுபிடிக்க மாட்டான். வேறு கேட்பான். "நேட்டிவ் எது?" என்பான். "அங்க எந்தப் பக்கம்?" என்பான். "நீங்க வெஜ்ஜா?" என்பான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஆள் பேரும் தளத்தின் பேரும் வேண்டாம். அமெரிக்காவில் இருக்கிற தமிழர். வகுப்பில் சொன்ன எல்லாப் பொருத்தமும் இருந்தது. ஒரே மொழி, ஒரே மாவட்டம், இளையராஜா பாட்டு. அவருடைய அலுவலக வேலையோடு, சென்னையில் தனியாக இருக்கிற அவர் அம்மாவின் காரியங்களையும் பார்த்துக்கொண்டேன். டாக்டரிடம் நேரம் வாங்குவது, கரண்ட் பில், மாத்திரை தீரும் முன்னே ஆர்டர் போடுவது. அந்த அம்மா தினமும் என்னோடு பத்து நிமிஷம் பேசுவார். முழங்கால் வலி, வேலைக்காரி, கோயில் பிரசாதம் எல்லாம் பேசுவார். நாலு மாசம் ஓடியது. ஒரு நாள் கேட்டார்.

"நீ எந்த ஊரும்மா?"

"காவாந்தண்டலங்க. மாகறல் பக்கம்."

"அட, அங்க பெருமாள் கோயில் இருக்கே! கோயிலண்ட வீடா?"

"இல்லைங்கம்மா. காலனி."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "சரி, பாலுக்காரன் வந்துட்டான்" என்று வைத்துவிட்டார். மணி சாயங்காலம் ஆறரை. மூணாம் நாள் மகனிடமிருந்து செய்தி வந்தது. வேலை ரொம்ப நன்றாக இருந்தது, ஆனால் எங்கள் குடும்பத்துக்கு நாட் எ குட் ஃபிட், பொருத்தமாகப் படவில்லை, வாழ்த்துக்கள். பதினோரு மணி நேரக் கூலி வரவேயில்லை. வகுப்பு ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "பொருந்தாத கிளையன்ட் தானா போயிட்டார், நல்லதுதானே!" என்றார்.

அந்தச் செய்தியில் சாதி என்ற சொல் இல்லை. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது? குற்றம் எங்கே நடந்தது? என் வீட்டிலா, சென்னையிலா, அமெரிக்காவிலா? அமெரிக்காவிலும் இந்தச் சண்டை நடக்காமல் இல்லை. 2020 சூனில் கலிபோர்னியா அரசுத் துறையே சிஸ்கோ நிறுவனத்தின்மேல் சாதிப் பாகுபாட்டு வழக்குப் போட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது, அந்த நாட்டிலேயே முதல் நகரம் அதுதான். அதே வருஷம் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். இருக்கிற சட்டமே போதும் என்றார். போதுமோ போதாதோ, நான் அவர்களுக்கு ஊழியரும் இல்லை. கணக்குப்படி நான் சுயதொழில் செய்பவள், ஏதோ ஒரு கம்பெனி முதலாளி மாதிரி. முதலாளிக்கு ஏது கூலி பாக்கி?

சாதியை ஒளித்துக்கொண்டால் என்ன என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒன்று. எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர் ரெட்டமலை சீனிவாசன். கோயமுத்தூரில் படிக்கும்போது, பழகினால் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போனதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே மனிதர் நீலகிரியில் வெள்ளைக்கார வியாபாரக் கம்பெனியில் கணக்கெழுதினார். கடல் கடந்தவனுக்குக் கணக்கு எழுதின முதல் ஆள் நான் இல்லை! பிறகு சென்னைக்கு வந்து 1893இல் பத்திரிகை தொடங்கினார். அதற்கு வைத்த பேர் 'பறையன்'. ஒளிந்து உட்கார்ந்த பையன் வளர்ந்து செய்தது அது. காலனி என்று நான் சொன்னதை யாரும் அசட்டுத்தனம் என்று சொல்லவேண்டாம்.

அப்படியானால் வெள்ளைக்காரன்தான் நல்லவனா? இந்தப் பேச்சு நம்மிடம் பழசு. திரமென்ஹீர் என்ற கலெக்டர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைபற்றி அறிக்கை எழுதினார், 1892இல் பஞ்சமி நிலம் வந்தது என்று நன்றியோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அந்த நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10இல் காரணையின் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார்கள். துரை கொடுத்தான் என்பதும் உண்மை, துரை தன் வரி வசூலுக்காகவும் இருந்தான் என்பதும் உண்மை. இப்போது எனக்கு ஓர் இங்கிலாந்துக்கார அம்மா வேலை கொடுக்கிறார். வெள்ளிக்கிழமை கணக்கு அனுப்பினால் திங்கட்கிழமை பணம் வந்துவிடும். என் தெரு அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் புரியாது. ஆனால் விலை தெரியும். அங்கே ஒருத்தியை வைத்தால் ஆகும் செலவில் நாலில் ஒரு பங்குக்கு நான் கிடைக்கிறேன் என்பது நன்றாகவே தெரியும். டிம் ஃபெரிஸ் என்ற அமெரிக்கர் 2007இல் எழுதிய ஒரு புத்தகம் இந்தச் சூட்சுமத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. உன் வேலையை மலிவாக இந்தியாவில் இருப்பவர்களிடம் தள்ளு, நீ ஓய்வெடு என்பதுதான் அதில் ஒரு பாடம். அவர் என்னை வெறுக்கவில்லை. வெறுக்காமலே மலிவாக வாங்குகிறார். இது வேறு சுரண்டல், ஆனால் சுரண்டல்தான்.

இதைத்தான் நம் தோழர் ஒருவர் "டிஜிட்டல் பண்ணையடிமைத்தனம்" என்று ஒரு கூட்டத்தில் பேசினார். பாதி சரி. சில தளங்களில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து முதலாளிக்குக் காட்டுகிறார்கள். களத்துமேட்டில் குடை பிடித்து நின்ற ஆண்டையின் கண் அது. கூலியில் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை தரகு போகிறது. மீதி பாதி சரியில்லை. தோழர் அரசாங்க வேலையில் இருக்கிறார், இடஒதுக்கீட்டில் அவர் அப்பாவும் இருந்தார், நல்லது, இருக்கட்டும். தனியாரில் இடஒதுக்கீடு இல்லை, அரசில் ஆள் எடுப்பதில்லை. எங்கள் தெருப் பெண்களுக்கு இன்றைக்கு இருக்கிற வழி என்ன? விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஒரகடம், திருப்பெரும்புதூர் போய் எட்டு மணி நேரம் நிற்பது. விடுதிச் சோறு சாப்பிட்டுப் பெண்கள் விழுந்து, 2021 டிசம்பரில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் நூறுநாள் வேலை. இதற்கு நடுவில் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற வேலை செய்கிறாள் என்றால் அதைப் பண்ணையடிமை என்று சொல்லிவிட்டு நீங்கள் போய்விடலாம். நாங்கள் எங்கே போவது?

உண்மையான பொருத்தம் எங்கே நடக்கிறது என்பதை இத்தனை வருஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். தளத்தில் இல்லை. நல்ல கிளையன்ட், அதாவது ஒழுங்காகப் பணம் கொடுத்து வருஷக்கணக்காக வைத்துக்கொள்கிறவர், தளத்தில் விளம்பரம் போடுவது குறைவு. தெரிந்தவரைக் கேட்கிறார். "உன்கிட்ட யாராவது நல்ல பொண்ணு இருக்கா?" இதற்கு ரெஃபரல் என்று பேர். இந்த நாட்டில் தெரிந்தவர் என்றால் யார்? பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், கல்யாணத்தில் பந்தியில் பார்த்தவர், சித்தப்பாவின் சிநேகிதர். அதாவது சாதி. வேலைப் பிரிவினையோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே பிரித்து வைத்திருக்கிற அமைப்பு இது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கினார். எனக்குக் குறைவது இங்கிலீஷ் இல்லை. எக்செல் இல்லை. எனக்குக் குறைவது நாலு போன் நம்பர்.

ஆகவே நாங்கள் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். எங்கள் காலனியில் மூணு பேர், பக்கத்து ஊர்களில் நாலு பேர், ஏழு பெண்கள். எந்தக் கிளையன்ட் முன்பணம் கொடுத்தான், எவன் இழுத்தடித்தான், எவன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீடியோவில் வா என்றான், எவன் நேட்டிவ் கேட்டான், எல்லாம் தேதி போட்டு எழுதுகிறோம். ஒருத்திக்கு வேலை நிறைந்தால் இன்னொருத்திக்குத் தள்ளுகிறோம். முதல் வாரத்தில் பாதிப் பணம் கேட்கிறோம். கொடுத்தால் பொருத்தம், கொடுக்காவிட்டால் பொருத்தமில்லை. எங்களுக்கு ரசனை வேண்டாம். எழுத்தில் ஒப்பந்தம், மணிக் கணக்கு, ராத்திரி போன் இல்லை, இது போதும். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தபிறகு வெறும் டைப்பிங் வேலை, கடிதம் எழுதும் வேலை குறைந்துகொண்டே வருகிறது. அதனால் நாங்கள் ஜி.எஸ்.டி. கணக்கு, தமிழ்ப் புத்தக மெய்ப்பு என்று திரும்பியிருக்கிறோம்.

இதைப் படிக்கிறவர்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், பதிப்பகம் நடத்துகிறவர்கள், தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்கள், வெளிநாட்டில் அம்பேத்கர் பேரில் சங்கம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கெல்லாம் கடிதம் எழுத, கணக்கு வைக்க, நன்கொடை ரசீது போட, கூட்டத்துக்கு ஆள் கூப்பிட ஒருத்தர் வேண்டியிருக்கிறது. யாரை வைத்திருக்கிறீர்கள்? விசாரித்துப் பார்த்தோம். பல இடங்களில் அது ஊர்த்தெருப் பெண், சம்பளத்துக்கு. எங்கள் பெண் என்றால் "இயக்க வேலைம்மா, கொஞ்சம் அடிச்சுக் குடு" என்று ஓசியில். இயக்கம் எங்களுடையதும்தான். அதற்காக உண்டியல் குலுக்கியிருக்கிறோம், போஸ்டர் ஒட்டியிருக்கிறோம், அதற்குக் கூலி கேட்கவில்லை. ஆனால் முந்நூறு பக்கம் மெய்ப்புப் பார்ப்பது போஸ்டர் ஒட்டுவது இல்லை, தோழர். அச்சகத்துக்காரனுக்குப் பணம் கொடுக்கிறீர்கள், மைக்செட்டுக்காரனுக்குக் கொடுக்கிறீர்கள்.

எங்கள் கூலி தமிழ் வேலைக்கு மணிக்கு 200 ரூபாய், கணக்கு வேலைக்கு 250. வெள்ளிக்கிழமை பில் வரும். போன ஆடி மாசம் ஒரு மாநாட்டு மலருக்கு நாலு பேர் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தோம். மேடையில் எங்களுக்குத் துண்டு போட்டார்கள். பில் 6,400 ரூபாய், நோட்டில் இன்னும் பாக்கி என்றே இருக்கிறது.